ரித்விக் கட்டக் யார்? வீட்டைச் சுமக்கும் மகளைத் திரையில் காட்டியவரின் கதை

மாசம் முதல் தேதி சம்பளம் வந்ததும் உங்க போனில் வரிசையாக என்ன நடக்கும்? வீட்டுக்கு ஒரு பகுதி, தம்பி ஃபீஸ், அப்பா மருந்து, ஏதோ ஒரு இஎம்ஐ. உங்களுக்கென்று நினைத்திருந்தது அடுத்த மாசத்துக்குப் போய்விடும். இந்தக் கணக்கை 1960-லேயே ஒரு வங்காளப் படம் போட்டுப் பார்த்துவிட்டது. பெயர் 'மேகே தாக்கா தாரா', அதாவது மேகம் மூடிய நட்சத்திரம். எடுத்தவர் ரித்விக் கட்டக்.

கொல்கத்தா ஓரத்தில் ஓர் அகதிக் குடியிருப்பு. அங்கே நீதா என்ற பெண். சுப்ரியா சௌத்ரி நடித்திருப்பார். படத்தின் ஆரம்பத்திலேயே நீதாவின் செருப்பு வார் அறுந்துபோகும். அவள் வெறுங்காலோடு நடந்து வீட்டுக்குப் போவாள். புதுச் செருப்பு வாங்க மாட்டாள், ஏன்னா கையில் இருக்கும் காசுக்கு வீட்டில் எல்லோரும் காத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அடிபட்டதும் படிப்பை விட்டு வேலைக்குப் போகிறாள். அவள் ஆதரவில் படித்த காதலன் சனத், கடைசியில் தங்கை கீதாவைக் கல்யாணம் செய்துகொள்கிறான். பாடகனாக ஆசைப்படும் அண்ணன் சங்கர் மட்டும்தான் அவளைப் புரிந்தவன். அவனும் வாய்ப்புத் தேடி பம்பாய்க்குப் போய்விடுகிறான். நீதாவுக்கு மிச்சம் காசநோய்.

கதையாகச் சொன்னால் சாதாரண அழுகைப் படம் மாதிரி இருக்கும். வித்தியாசம் என்னன்னா, இதில் வில்லன் இல்லை. அம்மாவை எடுத்துக்குங்க. சம்பாதிக்கிற மகள் கல்யாணமாகிப் போய்விட்டால் அடுப்பு எரியாது என்ற பயம் அவளுக்கு. அந்தப் பயத்தை கட்டக் வசனத்தில் வைக்கவில்லை, சத்தத்தில் வைத்தார். சனத் வீட்டுக்கு வரும்போது அடுப்படியில் கொதிக்கும் ஒலி ஏறிக்கொண்டே போகும். உண்மை தெரிந்து நீதா மாடிப்படி இறங்கும்போது சாட்டை வீசும் ஒலி. திரையில் சாட்டை எதுவும் கிடையாது.

கே. பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) பார்த்திருந்தால், கதையின் எலும்புக்கூடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது?

கட்டக் பிறந்தது 1925 நவம்பர் 4, டாக்காவில். இரட்டைக் குழந்தைகளில் ஒருவர், கூடப் பிறந்தவர் பிரதீதி. 1947-ல் வங்காளம் இரண்டானது. பிற்பாடு இரட்டையரில் ஒருவர் கொல்கத்தாவில், இன்னொருவர் எல்லைக்கு அந்தப் பக்கம். நாடு பிரிந்ததை நாம் வரைபடமாகப் படித்திருக்கிறோம். அவருக்கு அது சொந்த வீட்டு விஷயம். அதனால்தான் அவர் படங்களில் கலவரமோ ரத்தமோ பெரிதாக வராது. வருவதெல்லாம் பிரிந்த வீடும், அதற்குள் ஒருவரை ஒருவர் பிடித்து இழுக்கும் மனிதர்களும்தான்.

இடதுசாரி நாடக இயக்கமான இப்டாவில் இருந்து சினிமாவுக்கு வந்தார். முதல் படம் 'நாகரிக்' 1952-லேயே முடிந்துவிட்டது. அதாவது ரேயின் 'பதேர் பாஞ்சாலி'க்கு மூன்று வருஷம் முன்பு. ஆனால் தியேட்டருக்கு வந்தது 1977-ல், கட்டக் இறந்த பிறகு. அது நேரத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சினிமாக்காரர்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். நடுவில் பிழைப்புக்காக பம்பாய் போய் 'மதுமதி' (1958) திரைக்கதையில் வேலை பார்த்தார். அந்தப் படம் பெரிய ஹிட். அவருக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை.

'மேகே தாக்கா தாரா' ஓடியது. அதற்கு அடுத்து வந்த 'கோமல் காந்தார்' (1961) படுத்துவிட்டது. 'சுவர்ணரேகா' எடுத்து முடித்தும் 1965 வரை வெளிவரவில்லை. இதிலும் ஒரு அண்ணன், ஒரு தங்கை. தாழ்த்தப்பட்ட சாதிப் பையனைக் காதலிக்கும் தங்கையை அண்ணன் ஏற்க மாட்டான். பல வருஷம் கழித்து, குடிபோதையில் அவன் ஒரு பாலியல் தொழிலாளியின் வாசலுக்குப் போவான். உள்ளே இருப்பது அவன் தங்கை. மிகையான தற்செயல் என்று அப்போதே திட்டினார்கள். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் பட்டது. ஆனால் அந்தக் காட்சி பார்த்தவரை விடாது.

இதற்கிடையே புனே திரைப்படக் கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் எடுத்தார். மணி கௌல், குமார் சஹானி, ஜான் ஆபிரஹாம் எல்லாம் அங்கே அவருடைய மாணவர்கள். தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) எடுத்த அதே ஜான் ஆபிரஹாம்தான்.

சொந்த வீட்டில்?

இங்கேதான் கொஞ்சம் சங்கடம். நீதாவை அவ்வளவு துல்லியமாகப் பார்த்தவர், தன் வீட்டில் அந்தச் சுமையை மனைவி சுரமாவின் தோளில் விட்டுவிட்டார். குடி முற்றியது, மனநல சிகிச்சைக்கும் போக வேண்டி வந்தது. சுரமா ஆசிரியை வேலைக்குப் போய்த்தான் குடும்பம் நடந்தது. மேதைகளுக்கு இதெல்லாம் சகஜம் என்று தள்ளிவிடுவது சுலபம், ஆனால் கட்டக்கே அப்படித் தள்ளவில்லை. கடைசிப் படமான 'ஜுக்தி தக்கோ ஆர் கப்போ'வில் குடித்தே வீணாகும் ஒரு படிப்பாளியாக அவரே நடித்தார். அந்தக் கதையில் மனைவி மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விடுவாள். மகனாக நடித்தது அவருடைய சொந்த மகன்.

அதற்கு முன்பு, 1973-ல், வங்கதேசம் போய் 'திதாஸ் ஏக்டி நதிர் நாம்' எடுத்தார். அந்த நாட்களில் அவருக்கும் நீதாவைப் போலவே காசநோய். 1976 பிப்ரவரி 6-ல் கொல்கத்தாவில் இறந்தபோது வயது 50. முடித்த முழுநீளப் படங்கள் எட்டு.

பார்க்க ஆரம்பிக்கிறவர்கள் 'மேகே தாக்கா தாரா'வில் தொடங்குங்க. இயர்போன் போட்டுக்குங்க. போன் ஸ்பீக்கரில் அந்தச் சாட்டை சரியாகக் கேட்காது. முடிவில் தெருவில் போகும் இன்னொரு பெண்ணின் செருப்பு வார் அறுந்துபோகும், அதற்கு முன்னாடி நிறுத்திவிடாதீங்க.