பலர்மோவின் மகள், ஜேர்மனியின் பேரரசி

சிசிலி என்றதும் எமது மாணவர்களுக்கு அல்-இத்ரீஸியும் அவரது உலக வரைபடமும் நினைவுக்கு வரும். அந்த அறிஞரை ஆதரித்த நோர்மன் மன்னர் இரண்டாம் ரொஜருக்கு ஒரு மகள் இருந்தார் என்று நான் வகுப்பில் சொன்னால் பலரும் வியப்படைவார்கள். அவர்தான் கொன்ஸ்டன்ஸ். இத்ரீஸியின் நூல் நிறைவடைந்த 1154ஆம் ஆண்டிலேயே, தந்தை மௌத்தாகிச் சில மாதங்களின் பின் அவர் பிறந்தார்.

அவர் வளர்ந்த பலர்மோ அரசவையில் அரபு, கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்று மொழிகளிலும் ஆவணங்கள் எழுதப்பட்டன. முப்பது வயதை நெருங்கும்வரை அவருக்குத் திருமணம் நடக்கவில்லை. 1184இல், மன்னராக இருந்த அண்ணன் மகன் இரண்டாம் வில்லியம், ஜேர்மனியப் பேரரசர் பிரெடரிக் பார்பரோசாவின் மகன் ஹென்றிக்கு அவரை நிச்சயித்தார். பயணி இப்னு ஜுபைர் சிசிலிக்கு வந்து சேர்ந்ததும் அதே ஆண்டு இறுதியில்தான். 1186இல் மிலான் நகரில் திருமணம் நடந்தது. மணமகன் மணமகளைவிடப் பதினொரு வயது இளையவர்.

இது இரு அரசுகளின் உடன்படிக்கை. வில்லியம் 1189இல் வாரிசின்றி இறந்ததும் கொன்ஸ்டன்ஸின் உரிமையே கணவரின் படையெடுப்புக்குக் காரணமாயிற்று. 1191இல் ரோமில் இருவரும் முடிசூடினர். அதே ஆண்டு நேப்பிள்ஸ் முற்றுகையின்போது ஹென்றியின் படையை நோய் வாட்ட, அவர் பின்வாங்கினார். சலேர்னோவில் தங்கியிருந்த பேரரசியை நகரமக்கள் எதிரி மன்னர் தன்கிரெட்டிடம் ஒப்படைத்தனர். மறு ஆண்டுதான் விடுதலை கிடைத்தது.

1194 டிசம்பர் 25இல் ஹென்றி பலர்மோவில் முடிசூடினார். மறுநாள், வழியில் யேசி என்ற சிறு நகரில், நாற்பது வயதில் கொன்ஸ்டன்ஸ் தன் ஒரே பிள்ளையைப் பெற்றெடுத்தார். அந்த வயதில் பிள்ளையா என்று ஊர் சந்தேகித்ததால், பொதுவெளியில் கூடாரம் அமைத்து ஊர்ப்பெண்கள் முன்னிலையில் பிரசவித்தார் எனப் பிற்காலத்தில் கதை கட்டினார்கள். பேரரசியானாலும் பெண் மீதான சந்தேகம் ஓயவில்லை!

1197இல் ஹென்றி இறந்தார். அதன் பின்னர்தான் அவரது சொந்த முடிவுகளைக் காண்கிறோம். கணவரின் ஜேர்மன் தளபதிகளை நாட்டைவிட்டு வெளியேறப் பணித்தார். 1198 மே மாதம் மூன்று வயது மகனைச் சிசிலியின் மன்னனாக முடிசூட்டினார். மகனுக்கிருந்த ஜேர்மனிய அரசுப் பட்டத்தைக் கைவிட்டார். பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்டைப் பாதுகாவலராக்கிவிட்டு, அவ்வாண்டு நவம்பரில் கண்மூடினார்.

ஆனால் அந்த மகன், இரண்டாம் பிரெடரிக், தாய் கைவிட்ட ஜேர்மனியையும் பின்னர் பெற்றுப் பேரரசரானார். அரபு அறிவை மதித்த அவரே சிசிலி முஸ்லிம்களை இத்தாலியின் லுசேராவுக்கு நாடுகடத்தினார்.

ரொஜருக்காக ஹிஜ்ரி 528இல் நெய்யப்பட்ட, அரபு எழுத்துப் பொறித்த செந்நிற மேலங்கி பின்னர் பேரரசர்களின் முடிசூட்டு அங்கியாயிற்று. இன்று அது வியன்னா அருங்காட்சியகத்தில் உள்ளது. கொன்ஸ்டன்ஸும் அந்த அங்கியைப் போலவே கைமாற்றப்பட்டவர்தான். எனினும் கணவருக்குப் பின் கிடைத்த பதினான்கு மாதங்களில், தன் நாடு எது என்பதை அவரே தீர்மானித்தார். பாடநூல்கள் அவரை ஒருவரின் மகளாகவும் இன்னொருவரின் தாயாகவும் மட்டும் குறிப்பிட்டுக் கடந்துபோவது நீதியல்ல என்றே நான் கருதுகிறேன்.