ரிப்பேருக்கு வந்த எஞ்சின்



பல்பு வாங்கும்போது எத்தனை வாட் என்று கேட்கிறோமே, அது ஒரு மனிதரின் பெயர். கெட்டில் மூடி ஆடியதைப் பார்த்து நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தவர் என்று சின்ன வகுப்பில் கதை கேட்டிருப்போம். உண்மை அதுவல்ல. அவர் பிறப்பதற்கு முன்பே, 1712-லேயே, நியூகாமன் என்பவர் நீராவி எஞ்சினை ஓட்டிக் காட்டிவிட்டார். ஜேம்ஸ் வாட்டிடம் வந்தது வெறும் ரிப்பேர் வேலை!

1736 ஜனவரி 19-இல் ஸ்காட்லாந்தில் கிரீனாக் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர் வாட். லண்டனில் ஒரு வருஷம் தொழில் பழகிவிட்டு, 1757-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து தருபவராகச் சேர்ந்தார். பேராசிரியராக அல்ல, கைத்தொழிலாளியாக! 1763-இல் நியூகாமன் எஞ்சினின் சிறிய மாடல் ஒன்று பழுதாகி அவர் கைக்கு வந்தது.

சரிசெய்த பிறகும் அது சில ஸ்ட்ரோக்குகளிலேயே நின்றுபோனது. ஏன்? அதில் நீராவி நிறைந்த சிலிண்டருக்குள்ளேயே குளிர்ந்த நீரைப் பீச்சுவார்கள். நீராவி தண்ணீராகி வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். ஆனா சிலிண்டரும் சேர்ந்து குளிர்ந்துவிடுமே! அடுத்து வரும் நீராவியில் பெரும்பகுதி அதைத் திரும்பச் சூடாக்கவே போய்விடும். நிலக்கரி வீண்!

வாட் அளந்து பார்த்தார். நீராவி தன் எடையைப்போல் சுமார் ஆறு மடங்கு குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்தது. இதற்குக் காரணமான உள்ளுறை வெப்பத்தை அவருக்கு விளக்கியவர் அங்கிருந்த பேராசிரியர் ஜோசப் பிளாக். 1765-இல் விடை கிடைத்தது. சிலிண்டர் சூடாகவே இருக்கட்டும், நீராவியைத் தனிப் பாத்திரத்தில் குளிர வைப்போம். அதுதான் கன்டென்சர்! அது குளிர்ந்த நீர்த் தொட்டிக்குள் இருக்கும். உள்ளே சேரும் நீரையும் காற்றையும் ஏர் பம்ப் வெளியேற்றும். அந்தச் சுடுநீரிலிருந்தே பாய்லருக்கும் நீர் போகும்.

யோசனை வந்தாச்சு, எஞ்சின் வந்ததா? அதற்குப் பதினோரு வருஷம்! 1769-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் பிஸ்டனுக்குச் சரியாகப் பொருந்தும் சிலிண்டர் கிடைக்கவில்லை. குடும்பத்துக்காகக் கால்வாய் வெட்ட நில அளவை செய்தார். 1773-இல் கூட்டாளி ரோபக் திவாலானார். அதே வருஷம் மனைவியும் இறந்தார். 1775-இல் பர்மிங்காமின் மேத்யூ போல்டன் கூட்டுச் சேர்ந்தார். வில்கின்சன் என்பவரின் போரிங் மெஷின் சரியான சிலிண்டரைக் கடைந்து தந்தது. 1776-இல் எஞ்சின்கள் வேலைக்குப் போயின. அவர்கள் கேட்ட கட்டணம், மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குதான்!

1819 ஆகஸ்ட் 25-இல், 83 வயதில் வாட் மறைந்தார். ஆனால் இன்றும் அனல்மின் நிலையத்தில் டர்பைனை விட்டு வரும் நீராவி கன்டென்சரில் தண்ணீராகி பாய்லருக்கே திரும்புகிறது. அதைக் குளிர வைத்த நீர், கூலிங் டவரில் சூடு ஆறி மறுபடி சுற்றுகிறது.

ரெண்டு அரியருக்கே சோர்ந்துபோகும் நாம் அந்தப் பதினோரு வருஷத்தை நினைத்துப் பார்ப்போம். என் அப்பா சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். எங்க குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். முதல் வருஷம் ஃபார்மில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில், கூச்சப்பட்டு, வியாபாரம் என்று எழுதினேன். இந்த வருஷம் மெக்கானிக் என்றே எழுதிவிட்டேன்!

- இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்