வங்கக் கரையில் பிறந்த புதுக் கணக்கு
விஞ்ஞானி சத்தியேந்திரநாத் போஸ்



குச்சவெளிக் கரையில் வந்து மோதும் அலையை நாள்தோறும் காண்கிறீர்கள். அந்தக் கடலுக்கு வங்காள விரிகுடா என்று பெயர். அதன் வடகரையில் உள்ள வங்க நாட்டிலே பிறந்த ஒருவர், நிகழ்தகவு பற்றி உலகம் கொண்டிருந்த எண்ணத்தையே மாற்றிவிட்டார். அவரைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுங்கள்.

சத்தியேந்திரநாத் போஸ் 1894ஆம் ஆண்டு தை முதலாந் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை புகையிரதப் பகுதியில் பணியாற்றியவர். மாநிலக் கல்லூரியில் படித்த போஸ், 1915இல் முதுமாணிப் பரீட்சையில் முதலிடம் பெற்றார். 1921இல் புதிதாகத் தொடங்கிய டாக்கா பல்கலைக்கழகத்தில் கற்பிக்கச் சேர்ந்தார். அப்போது அவரிடம் கலாநிதிப் பட்டம் இல்லை; பிற்காலத்திலும் அவர் அதைப் பெறவில்லை.

சூடான பொருள் வெளிவிடும் ஒளிக்கு 1900இல் ஜேர்மன் விஞ்ஞானி பிளாங்க் ஒரு சூத்திரம் தந்திருந்தார். சூத்திரம் சரி; ஆனால் அதற்குக் காட்டிய நியாயத்தில் பழைய கொள்கையும் புதிய கொள்கையும் கலந்து கிடந்தன. மாணவருக்கு இதை விளக்க வேண்டியிருந்த போஸுக்கு அது மனநிறைவு தரவில்லை. ஒளியைத் துணிக்கைகளாகவே கொண்டு, எண்ணும் முறையை மட்டும் மாற்றி, அதே சூத்திரத்தை அவர் பெற்றார்.

அந்த மாற்றம் என்ன? இரண்டு நாணயங்களைச் சுண்டுங்கள். தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என நான்கு வகையாக விழலாம். ஆகவே ஒன்று தலையும் மற்றது பூவுமாக விழும் நிகழ்தகவு அரைப் பங்கு. ஒரே மாதிரியான நாணயங்களாயினும் ஒன்றிலே மை தடவி அடையாளம் வைக்கலாம். வலையில் விழுந்த இரண்டு பாரை மீன்களில் ஒன்றுக்கு நூல் கட்டி வைப்பதைப் போல.

ஒளித்துணிக்கைக்கு நூல் கட்ட முடியாது. இது முதலாவது, அது இரண்டாவது என்று சொல்ல இடமே இல்லை. அப்படியானால் தலை-பூவும் பூ-தலையும் இரண்டல்ல, ஒன்றே. நான்கு மூன்றாகிறது, ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு. இரண்டும் ஒரே நிலையில் சேர்ந்திருக்கும் வாய்ப்பு அரையிலிருந்து மூன்றில் இரண்டாக உயர்கிறது! எவற்றை வேறு வேறாகக் கொள்கிறோம் என்பதிலேயே நிகழ்தகவு தங்கியிருக்கிறது என்பதைக் கண்டீர்களா?

போஸ் தம் கட்டுரையை ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினார், அது வெளிவரவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. 1924 யூன் 4ஆந் திகதி, முன்பின் பார்த்திராத ஐன்ஸ்டைனுக்கே அதை அனுப்பினார். அந்த மேதை அதைத் தாமே ஜேர்மன் மொழியில் பெயர்த்து அவ்வாண்டே வெளியிடச் செய்தார். அம்முறையை அணுக்களுக்கும் விரித்து, மிகக் குளிர்ந்த நிலையில் எண்ணற்ற அணுக்கள் ஒரே நிலையில் ஒன்றுசேரும் என்று கணித்தார். 1995இல் அமெரிக்க ஆய்வுகூடத்தில் அது நிகழ்த்திக் காட்டப்பட்டது; அதற்கு 2001இல் நோபல் பரிசும் கிடைத்தது. போஸுக்கு அப்பரிசு கிடைத்ததில்லை. ஆனால் இவ்வகைத் துணிக்கைகளுக்குப் போசன் என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது.

1926இல் மாக்ஸ் போர்ண், அணுவுலகின் விதிகள் நிகழ்தகவையே தருகின்றன என்று விளக்கினார். நாணயத்தின் வேகமும் சுழற்சியும் தெரிந்தால் அது எப்படி விழும் என்று கூறலாம். அங்கே நிகழ்தகவு நம் அறியாமையின் அளவு. அணுவிலும் அப்படித்தானா, அல்லது இயற்கையே அவ்வாறு அமைந்ததா? போஸை வரவேற்ற ஐன்ஸ்டைன், நிகழ்தகவே முடிந்த முடிபு என்பதை இறுதிவரை ஏற்கவில்லை. அந்த விவாதம் இன்னும் முற்றுப்பெறவில்லை.

போஸ் 1945இல் கல்கத்தாவுக்குத் திரும்பினார். தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்க முடியும் என்று வாதாடினார். 1948இல் அதற்கென ஒரு கழகத்தை நிறுவி, வங்க மொழியில் விஞ்ஞானச் சஞ்சிகையும் வெளிவரச் செய்தார். எஸ்ராஜ் என்னும் நரம்பு வாத்தியத்தை இனிமையாக வாசிப்பார். 1974 மாசி 4ஆந் திகதி காலமானார்.

பெற்றோரே, இன்றிரவு பிள்ளைகளிடம் இரண்டு நாணயங்களைக் கொடுத்து நூறு தடவை சுண்டச் சொல்லுங்கள். ஒன்று தலை, ஒன்று பூ என விழுந்தவற்றை எண்ணட்டும். ஐம்பதை ஒட்டி வரும். பின்பு, ஒளித்துணிக்கைகளின் கணக்கில் அது ஏறக்குறைய முப்பத்துமூன்றுதான் என்று கூறுங்கள். ஏன் என்று பிள்ளை கேட்டால், நம் தமிழிலேயே விளக்குங்கள்.