மகனையும் நகையையும் பிரிந்த மகாராணி

அவசரத்துக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போவது பண்டார் தெங்காரா வட்டாரத் தோட்டக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. மீட்க முடியாமல் அது ஏலத்துக்குப் போனால் வரும் வேதனையும் தெரிந்ததுதான். அந்த வேதனை ஒரு மகாராணியையும் விடவில்லை.

பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங்கின் கடைசி மனைவி ஜிந்த் கவுர், 1817இல் பிறந்தவர். அரண்மனை வேட்டை நாய்களைப் பராமரித்தவரின் மகள். மன்னர் 1839இல் மறைந்தார். 1843இல் ஐந்து வயது மகன் துலீப் சிங் அரியணை ஏற, தாயாரே ஆட்சியை நடத்தினார்.

ஆங்கிலேயர் 1846இல் அவரது அதிகாரத்தையும் மறு ஆண்டு மகனையும் பறித்தனர். பிறகு நகைகளும் பறிபோயின. 1849இல் பஞ்சாப் கம்பெனி வசமானது. கோகினூர் வைரம் விக்டோரியா மகாராணியிடம் சென்றது. கல் பதித்தும் எனாமல் பூசியும் செய்த பொன்நகைகள் நிறைந்திருந்த லாகூர் கருவூலத்தின் பெரும்பகுதி ஏலம் விடப்பட்டது. அதே ஆண்டு சுனார் கோட்டையிலிருந்து பணிப்பெண் வேடத்தில் தப்பிய ஜிந்த் கவுர், நேப்பாளத்தில் தஞ்சமடைந்தார்.

1861இல் கல்கத்தாவில் மகனைச் சந்தித்தபோது அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. மகனுடன் இங்கிலாந்து செல்ல இசைந்த பிறகே நகைகள் திரும்பக் கிடைத்தன. 1863இல் லண்டனில் காலமானார்.

அவர் அணிந்ததாகக் கூறப்படும் மரகத முத்துமாலை, 2018இல் லண்டன் பொன்ஹாம்ஸ் ஏலத்தில் 187,000 பவுண்டுக்குப் போனது. நகைகள் யார் யார் கைக்கோ சென்றன. அவரது அஸ்தி மட்டும் 1924இல் பேத்தி பம்பாவின் முயற்சியால் லாகூர் திரும்பி, கணவரின் சமாதியில் சேர்ந்தது.