இடக்கையில் அமைந்த வலந்தலை

மிருதங்க ஆசிரியரிடம் பிள்ளையைக் கொண்டு வந்து அமர்த்தும் பெற்றோர் முதலில் கேட்பது, இவனுக்குக் கை வருமா என்பதுதான். அந்தக் கை பிறவியில் வருவதா, பயிற்சியில் வருவதா, வளர்ந்த வீட்டினால் வருவதா என்ற வழக்கு நெடுங்காலமாகத் தீர்ந்தபாடில்லை. பழனி சுப்பிரமணிய பிள்ளையின் வாழ்க்கையை அறிந்தவர்கள் இந்தக் கேள்வியைச் சற்று மாற்றியே கேட்பார்கள். ஏனெனில், அவரைப் பொறுத்தவரை கை வருமா என்பதைக் காட்டிலும், எந்தக் கை என்பதே பெருஞ்சிக்கலாக இருந்தது.

பழனி இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 1985-இல் அம்மாவட்டம் தனியே பிரிக்கப்படும் வரை அது மதுரை மாவட்டத்து ஊர். 1908-இல் சுப்பிரமணிய பிள்ளை அங்கே பிறந்தபோது, தாள வாத்தியம் பயில அவர் பிறந்த வீட்டைவிடச் சிறந்ததொரு வீடு தமிழகத்தில் அரிது எனலாம். தந்தை பழனி முத்தையா பிள்ளை, புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் சீடர். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரிய வாத்தியமாக்கிய பெருமை மான்பூண்டியா பிள்ளையைச் சேரும். தவில்காரரான மாரியப்பாவிடம் பாடம் கேட்டு, தவிலின் கணக்கு நுட்பங்களைக் கஞ்சிராவுக்கு ஏற்றபடி மாற்றியமைத்தவர் அவர். அவருடைய மற்றொரு சீடரே புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை. அவரோ அரண்மனைக் காவல் பணியில் இருந்தவர். இசைக் குடும்பம் ஒன்றின் மடியில் தவழ்ந்து வளர்ந்தவர் அல்லர். புதுக்கோட்டை வழி எனப் போற்றப்படும் மரபு இத்தகையவர்களால் ஆனது என்பதை, பிறவியின் பெருமை பேசுவோர் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

இந்த மரபின் நேர் வாரிசாகப் பிறந்தும், சிறுவன் சுப்பிரமணியனுக்கு வாத்தியத்தைக் கற்றுக்கொடுக்கத் தந்தை தயங்கினார். பிள்ளை இடக்கைப் பழக்கமுள்ளவன் என்பதே காரணம்.

தந்தையைக் கடிந்துகொள்வது எளிது. அக்காலத்து மேடையை அறிந்தவர்களுக்கு அவருடைய அச்சம் புரியும். மிருதங்கத்தின் இரு முகங்களில் கரணை பூசிய முகத்துக்குப் பெயரே வலந்தலை. கலையின் சொல்லகராதியே வலக்கைக்காரனை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பாடகருக்கு வலப்புறம் மிருதங்கம், இடப்புறம் வயலின் என்பது மேடை வழக்கு. அவ்வாறு அமரும் மிருதங்கக்காரரின் வலந்தலை சபையை நோக்கியிருக்கும். அதே இடத்தில் இடக்கைக்காரர் அமர்ந்தால் அவருடைய வலந்தலை சபைக்கு முதுகு காட்டும். கேட்பவர்களுக்குத் தொப்பியின் ஒலியே முன்வந்து நிற்கும். சரி, வயலினோடு இடம் மாற்றிக்கொள்ளலாமே என்றால், வயலினின் நாதம் சபையை விட்டுத் திரும்பிவிடும். எந்த வயலின் வித்துவான் அதற்கு மனமுவந்து இசைவார்? ஒலிபெருக்கி பரவலாகாத காலத்தில் இது வீண் கௌரவப் பிரச்சினை அன்று, தொழில் பிரச்சினை. இவற்றோடு, இடக்கையைத் தீண்டத்தகாத கையாகக் கருதிய ஊர் வழக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இடக்கையால் எழுதிய பிள்ளைகளின் விரலில் பிரம்படி விழுந்த பள்ளிக்கூடங்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

ஆக, அவர் வளர்ந்த வீடு ஒரே நேரத்தில் திறந்தும் அடைத்தும் இருந்தது. காதுக்குத் தடையில்லை. தந்தை பிறருக்குச் சொல்லும் பாடம், வந்து போகும் வித்துவான்களின் வாசிப்பு, கொன்னக்கோல் சொற்கட்டுகள், தாளக் கணக்கு பற்றிய வாதங்கள் என எல்லாமே அவர் காதில் விழுந்துகொண்டிருந்தன. கைக்குத்தான் அனுமதியில்லை. கேள்வி ஞானத்தாலும் சொந்த சாதகத்தாலும் மகன் தேறி வந்த பிறகே, அவனை விலக்கி வைக்க இயலாது என்பது தந்தைக்குத் தெளிந்தது. தந்தையின் பாடமும், தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் வழிகாட்டுதலும் அதன் பின்னர் வந்து சேர்ந்தன.

இவரோடு எப்போதும் சேர்த்துப் பேசப்படுபவர் பாலக்காடு மணி ஐயர். 1912-இல் பிறந்தவர், நான்கு வயது இளையவர். இசைவாணரான தந்தை சேஷம் பாகவதரின் ஊக்கத்தில் இளமையிலேயே பயிற்சி தொடங்கி, சாத்தபுரம் சுப்பையரிடமும் பின்னர் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடமும் பயின்று, சிறுவயதிலேயே மேடைகளை வியக்கவைத்தவர். பிறவி மேதை என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டாக அவரையே காட்டுவது வழக்கம். பிறவி மேதைக்கும் பிள்ளைப் பருவத்திலேயே மிருதங்கம் கைக்குக் கிடைத்தது, ஆசிரியர்கள் கிடைத்தார்கள், மேடை கிடைத்தது. பழனியாருக்கு அவை கிடைக்கத் தாமதமாயிற்று. இருவரில் யாருக்கு இயல்பாற்றல் மிகுதி என்று எதைக் கொண்டு அளப்பது?

மேலைநாட்டு ஆய்வாளர்களும் இதில் ஒருமுடிவுக்கு வந்துவிடவில்லை. ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து, முறையான பயிற்சியே தேர்ச்சியைத் தீர்மானிக்கிறது என்று 1993-இல் எழுதினர். அதிலிருந்தே பத்தாயிரம் மணி நேரம் என்ற வாய்பாடு பின்னாளில் உலகெங்கும் பரவியது. 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களோ, இசைத் தேர்ச்சியில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 21 விழுக்காட்டையே பயிற்சியால் விளக்க முடிகிறது என்றனர். எஞ்சியதெல்லாம் பிறவிக்குரியது என்று முடிவு கட்டுவோரின் அவசரத்தில் எனக்கு உடன்பாடில்லை. மேடையில் யார் எந்தப் பக்கம் அமர்வது என்பது போன்ற காரணங்கள் எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை.

ஏனெனில், பழனியாரின் வாழ்க்கை திரும்பியது அங்கேதான். வாசிப்பு தேர்ந்த பின்னும் வாய்ப்புகள் வரவில்லை. இடம் மாறி அமர வயலின் வித்துவான்கள் ஒப்பாதபோது, பாடகர்கள் இவரைத் தவிர்ப்பதே எளிய வழியாக இருந்தது. அந்த எளிய வழியை ஏற்காதவர் செம்பை வைத்தியநாத பாகவதர். இளைஞரின் வாசிப்பில் தாம் கண்டதை நம்பி, அவரைத் தம் கச்சேரிகளுக்கு அழைத்தார். இடக்கை வாசிப்புக்கு ஏற்றபடி மேடையின் அமர்வு ஒழுங்கையே மாற்றச் செய்தார். மணி ஐயரின் இளமை வளர்ச்சிக்கும் செம்பையே துணை நின்றவர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். முன்னணிப் பாடகர் ஒருவர் துணிந்து செய்தது வழக்கமாகிவிடுவது மேடையின் இயல்பு. ஆலத்தூர் சகோதரர்கள், ஜி.என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர் எனப் பெரும் பாடகர்களின் மேடைகளில் பழனியாரின் மிருதங்கம் ஒலித்தது. பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை, ராமநாதபுரம் முருகபூபதி ஆகிய மூவரையும் லய மும்மூர்த்திகளாகப் போற்றும் வழக்கமும் தோன்றியது. மூவரில் இருவர் பழனியையும் ராமநாதபுரத்தையும் சேர்ந்தவர்கள் என்பதில் அப்பகுதிக்காரர்களுக்குச் சற்றுப் பெருமிதம் உண்டு.

அவருடைய வாசிப்பைக் கேட்டவர்கள் முதலில் பேசுவது நாதத்தைப் பற்றியே. வலந்தலையின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும்; தொப்பியில் எழும் குமுக்கி, தாளக் கருவி பாடுவது போன்ற மயக்கத்தைத் தரும். புதுக்கோட்டை வழி கணக்குக்குப் பெயர் போனது. கடினமான கணக்கை முகத்திலும் கையிலும் கடுமை தெரியாமல் வாசிப்பது அவரது தனித்தன்மை. ஆலத்தூர் சகோதரர்களின் சிக்கலான பல்லவிகளுக்கு அவர் வாசித்ததைச் சங்கீத ரசிகர்கள் இன்றும் ஒலிப்பதிவுகளில் தேடிக் கேட்கிறார்கள். தன் இருப்பைக் காட்டிக்கொள்வதற்காகப் பாட்டின் மீது வாசிப்பை ஏற்றாதவர் அவர். விரும்பாத வீட்டு வாசலில் நின்று கேட்டே பழகிய காதுக்கு, எங்கே ஒலிக்கக் கூடாது என்பதும் தெரிந்திருந்தது போலும். இது என் ஊகமே.

மிருதங்கத்தில் தமக்கு நிகரெனப் பேசப்பட்ட பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசித்த மேடைகளில், அவருக்குப் பக்கத்தில் கஞ்சிரா வாசிக்கவும் பழனியார் முன்வந்தார். போட்டியாளர்கள் என்று ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது. மேடையில் அவ்விருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

1962 மே மாதம் அவர் மறைந்தார். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது தாளக் கலைஞர் ஒருவரை முதன்முதலாக எட்டியது 1966-இல். அதைப் பெற்றவர் பாலக்காடு மணி ஐயர். பழனியார் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே போய்விட்டிருந்தார்.

அவர் விட்டுச்சென்றவர்களில் புகழ் மிக்கவர் திருச்சி சங்கரன். 1942-இல் பிறந்தவர். தம் 13-ஆம் வயதில் ஆலத்தூர் சகோதரர்களின் கச்சேரியில் குருவோடு சேர்ந்து வாசித்து அரங்கேறியவர். 1971-இல் கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள யார்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, புதுக்கோட்டை வழியின் பாடத்தைப் பனி பெய்யும் நாட்டு மாணவர்களுக்குப் பல்லாண்டு கற்பித்தார். சங்கரன் வலக்கைக்காரர். மிருதங்கப் பாடத்தில் குருவும் சீடரும் எதிரெதிரே அமர்வது வழக்கம். வலக்கை ஆசிரியரின் முன் அமரும் வலக்கை மாணவன், எதிரே தெரியும் கைகளை மனத்துக்குள் இடம் மாற்றிக்கொண்டே பயில வேண்டியிருக்கும். இடக்கை குருவின் முன் அமர்ந்த இந்தச் சிறுவனுக்கோ அந்தத் தொல்லை இல்லை. கண்ணாடியில் பார்ப்பதுபோல், குருவின் வலந்தலைக்கு நேராகவே அவருடைய வலந்தலையும் இருந்தது.