உயிரணுவின் நாணயம்

தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் நடைபெற்ற காலங்களில், குளியாள் கல்லின் கனத்தைத் துணைக்கொண்டு கடலுக்குள் இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சை அடக்கிப் பாரில் கிடக்கும் சிப்பிகளை வாரிக் கூடையை நிறைப்பார். பின் கயிற்றை அசைத்துச் சைகை காட்ட, தோணியில் இருப்போர் அவரை மேலே இழுப்பர். காற்றே உட்செல்லாத அப்பொழுதிலும் அவருடைய கைகள் ஓயாது உழைத்தன. அவ்வுழைப்புக்கு வேண்டிய ஆற்றல் தசைகளுக்கு எங்கிருந்து கிடைத்தது? இவ்வினாவின் விடைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895 சனவரி 12-இல் சுப்பாராவ் பிறந்தார். இளமையில் அவர் வகுப்பில் முதல்வராக விளங்கியவர் அல்லர். பள்ளி இறுதித் தேர்வில் மூன்றாம் முயற்சியிலேயே, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளி மாணவராக, வெற்றி பெற்றார். மாநிலக் கல்லூரியில் பயின்றபின் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்து அறுவைச் சிகிச்சைக் கூடத்திற்குள் சென்றது ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்தைக் கிளறியது. எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாறாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே அவருக்குக் கிடைத்தது. உடன்பிறந்தார் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் பறித்துக்கொண்டது. அவரும் அந்நோயால் மெலிந்து, ஆயுர்வேத மருத்துவத்தால் தேறினார். அதன்பின் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தார்.

1920-களின் தொடக்கத்தில், மாமனாரின் பொருளுதவியோடு, கருவுற்றிருந்த மனைவியைப் பிரிந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் புறப்பட்டார். பிறந்த மகன் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தான். தந்தை மகனின் முகத்தைப் பார்க்கவேயில்லை. பகலில் ஹார்வர்டில் படிப்பு. இரவில் மருத்துவமனையில் துப்புரவு உள்ளிட்ட பணிகள். அங்கு இவ்வாறே அவர் காலூன்றினார்.

ஹார்வர்டு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் இணைந்து, உடல் திரவங்களிலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையொன்றை 1925-இல் வெளியிட்டார். மாலிப்டேட்டுடன் பாஸ்பேட் வினைபுரிந்து, பின்னர் ஒடுக்கமடையும்போது நீலநிறம் தோன்றும். நிறம் அடர்ந்தால் பாஸ்பேட் மிகுதி என்பது பொருள். தசைச் சாற்றில் இம்முறையைக் கையாண்டபோது நிறம் உடனே முழுமையாகத் தோன்றாமல் மெல்ல மெல்ல ஏறியது. பிழை என்று ஒதுக்கத்தக்க தாமதம்தான் அது. அவர்களோ காரணம் தேடினர். எளிதில் சிதையும் ஒரு பொருளிலிருந்து பாஸ்பேட் சிறிது சிறிதாக விடுபடுவதை உணர்ந்தனர். அப்பொருளே பாஸ்போகிரியேட்டின், 1927-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்திலும் ஏறத்தாழ அதே வேளையில் அது கண்டறியப்பட்டது. 1929-இல் தசையிலிருந்து அடினோசின் ட்ரைபாஸ்பேட்டையும் இவ்விருவரும் பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமன் தனியே அதைக் கண்டறிந்ததும் அவ்வாண்டில்தான். இதனையே நாம் ஏ.டி.பி. என்கிறோம்.

தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்ற கருத்து அந்நாளில் ஓங்கியிருந்தது. தசையாய்வுக்காக ஹில், மேயர்ஹாஃப் ஆகிய இருவரும் 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றிருந்தனர். லாக்டிக் அமிலம் உண்டாகாமல் தடுத்தாலும் தசை சிறிது நேரம் சுருங்கும் என்பதை 1930-இல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட் காட்டியபோது அக்கருத்து ஆட்டம் கண்டது. பாஸ்பேட் சேர்மங்களின் பெருமை அப்போதுதான் புலப்பட்டது.

உணவிலிருந்து பெறும் குளுக்கோஸை உயிரணு ஒரே மூச்சில் எரித்துவிடுவதில்லை. படிப்படியாகச் சிதைத்து, வெளிப்படும் ஆற்றலின் ஒரு பகுதியை ஏ.டி.பி.யாகச் சேமிக்கிறது. ஆக்சிஜன் இல்லாதபோது ஒரு குளுக்கோஸ் மூலக்கூறால் நிகரமாகக் கிடைப்பவை 2 ஏ.டி.பி. மூலக்கூறுகளே, ஆக்சிஜன் கிடைத்தால் மைட்டோகாண்ட்ரியாவின் துணையால் சுமார் 30 கிடைக்கும். கடலடியில் குளியாள் முதலில் இரத்தத்திலும் தசையிலும் தங்கியிருந்த ஆக்சிஜனைச் செலவிடுகிறார். பாஸ்போகிரியேட்டின் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து, செலவான ஏ.டி.பி.யைச் சில நொடிகளுக்கு ஈடுசெய்கிறது. ஆக்சிஜன் குறையக் குறைய லாக்டிக் அமிலம் பெருகுகிறது. மேலே வந்தவுடன் அவர் விடும் பெருமூச்சுகள் அக்கடனை அடைப்பதற்கே.

1930-இல் முனைவர் பட்டம் பெற்ற சுப்பாராவுக்கு ஹார்வர்டு நிலையான பதவி வழங்கவில்லை. உலகெங்கும் ஆய்வகங்களில் கையாளப்பட்ட முறையில் பெயர் பொறிக்கப்பட்டிருந்தும் அவர் நிலை இதுதான். 1940-இல் லெடர்லே மருந்து ஆய்வகத்திற்குச் சென்றார். அது அமைந்திருந்த ஊரின் பெயர் பேர்ல் ரிவர். தமிழில் சொன்னால் முத்தாறு! அங்கு அவர் தலைமையில் ஃபோலிக் அமிலம் செயற்கையாக உருவாக்கப்பட்டது. அவர் உடன்பிறந்தாரை மாய்த்த ஸ்ப்ரூ நோய்க்கு அது மருந்தாயிற்று. ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கும் சேர்மங்கள் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தணிக்க உதவின; அவ்வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது. ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும், நம் நாட்டில் யானைக்கால் நோயைத் தடுக்க வழங்கப்படும் டைஎத்தில்கார்பமசின் மாத்திரையும் அவர் தலைமையேற்ற ஆய்வின் விளைவுகளே.

1948 ஆகஸ்டில், 53-ஆம் வயதில், மாரடைப்பால் அவர் மறைந்தார். இந்தியாவுக்குத் திரும்பவில்லை, அமெரிக்கக் குடியுரிமையும் பெறவில்லை. பூஞ்சை இனமொன்றுக்கு அறிஞர்கள் அவர் பெயரைச் சூட்டினர். பிறந்து நூறாண்டு நிறைந்த 1995-இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.