தொலைவை அளந்த மகலனோபிஸ்

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில் பிரம்ம சமாஜக் குடும்பமொன்றில் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1913இல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியை அடைந்தார். கணித மேதை இராமானுசன் அங்கே அவருக்கு நண்பரானார். இரவில் குளிரில் வாடிய இராமானுசனுக்குக் கம்பளிகளுக்கு இடையே நுழைந்து உறங்கும் முறையைக் காட்டிக் கொடுத்தவர் இவரே.

1915இல் தாயகம் திரும்பும் வேளையில் உலகப்போரால் கப்பல் தாமதமாயிற்று. அந்த இடைவெளியில் ஆசிரியர் ஒருவர் 'பயோமெட்ரிகா' என்னும் ஆய்விதழைக் காட்டினார். அதன் தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே படிக்கலானார். இயற்பியலாளர் புள்ளியியலாளராக மாறியது நடுக்கடலில்தான் எனலாம்.

1920இல் நாகபுரி அறிவியல் மாநாட்டில் அன்னன்டேல் என்னும் விலங்கியல் அறிஞரைச் சந்தித்தார். கல்கத்தா ஆங்கிலோ-இந்தியரின் உடலளவுகளை ஆராயும் பணி அவரிடமிருந்து வந்தது. உயரம், தலையின் நீளம் எனப் பல அளவுகள். இரு மக்கட்கூட்டங்களின் நெருக்கத்தை எப்படிக் கணிப்பது? வேறுபாடுகளை வெறுமனே கூட்டுவது பிழை. அளவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை. உயர்ந்தவர் எடை மிகுந்திருத்தல் இயல்பு. உயர்ந்தும் மெலிந்தவரே அரியவர், கூட்டத்தின் மையத்திலிருந்து அதிகம் விலகி நிற்பவர். இச்சார்பையும் பரவலையும் உட்கொண்ட பொதுமைத் தொலைவை 1936இல் கட்டுரையாக நிறுவினார். மகலனோபிஸ் தொலைவு என்று அது வழங்கலாயிற்று.

மூக்கையும் மண்டையோட்டையும் அளந்து மனிதரைத் தரம்பிரித்த காலம் அது. அவ்வகையில் பெரும்பெயர் பெற்ற ரிஸ்லியின் வங்காள அளவுகளையே மகலனோபிஸ் மறுஆய்வுக்கு உட்படுத்தி, அவற்றிலிருந்த முரண்களை வெளிக்கொணர்ந்தார். அந்தத் துணிவு கணிதத்தினும் அரியது.

தாகூரின் விசுவபாரதிக்குப் பத்தாண்டுகள் செயலாளராயிருந்த அவர், 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தோற்றுவித்தார். 1933இல் 'சாங்கியா' இதழைத் தொடங்கினார். வங்காளச் சணல் விளைச்சலை அறிய எல்லா வயல்களையும் அளக்க இயலாது. ஆதலின் குருட்டுவாக்கில் தேர்ந்த சிறு நிலத்துண்டுகளை அளந்து முழுமையை மதிப்பிட்டார். மதிப்பீட்டின் பிழையையும் கணக்கிட்டார். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்புக்கு இதுவே வித்து. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தையும் வடிவமைத்த அவர், 1972 ஜூன் 28 அன்று, எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முந்திய நாளில், மறைந்தார்.

ஒரு புள்ளி தரவுக்கூட்டத்துள் எவ்வளவு உள்ளே அமைந்துள்ளது என்பதைப் புள்ளியியலார் ஆழம் என்பர். மகலனோபிஸ் தொலைவு குறையக் குறைய ஆழம் மிகும். கணக்கு எளிது, ஆனால் நெடுந்தொலைவில் நிற்கும் சில புள்ளிகள் மையத்தையே தம் பக்கம் இழுத்துவிடும். அதனினும் உறுதியான ஆழத்தை ஜான் டூக்கி 1975இல் முன்வைத்தார்: புள்ளியின் வழியே எத்திசையில் கோடிட்டாலும், ஒருபக்கம் எஞ்சும் கூட்டத்தின் மிகக்குறைந்த பங்கே அதன் ஆழம். மாறிகள் பெருகினால் திசைகளை முற்றாகச் சோதிப்பது கணிப்பொறிக்கும் பெருஞ்சுமை. ஆகவே அங்கும் மாதிரியே கைகொடுக்கிறது: சில நூறு திசைகளைக் குருட்டுவாக்கில் எடுத்து, அவற்றுள் சிறிய பங்கைக் கொள்கின்றனர். கிடைக்கும் எண் மெய்யான ஆழத்துக்கு ஒருபோதும் குறைவதில்லை. திசைகள் கூடக்கூட அதை நோக்கி இறங்கி வருகிறது.